பஞ்சிகாவத்தைக்கு ஒரு பயணம்



"மௌலவிக்கு மோட்டார் சைக்கிளில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். வருடக்கணக்காக அரபுக் கலாசாலையில் நஹ்வும் ஸர்பும் படித்துக் கொடுக்கும் எனக்கு, பைக்கில் பெற்றோல் ஊற்றும் இடத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதிருந்தது. ஆனால் 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு காலையில் என் ராத்தா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, சீட்டுக் காசு ஒரு லட்சத்து இருபதினாயிரத்தையும் மகன்ட கையில குடுத்திருக்கன். பைக்குக்கு என்னமோ மாட்டப் போறாராம். கொழும்புக்குப் போறாராம். எனக்கு ஒண்டும் வெளங்குதில்ல. நீங்களும் ஒருக்கா கூடப் போய்ட்டு வாங்களேன்."

மச்சான் கட்டாரில். வீட்டில் ராத்தாவும் இரண்டு பிள்ளைகளும்தான். மூத்தவனுக்கு வயது 23. கண்டியில் ஒரு கடையில் வேலை. மாவனல்லையிலிருந்து நாள்தோறும் கடுகண்ணாவை ஏற்றம் ஏறிப் போய் வருகிறான். அவனிடம் இருப்பது பழைய கவாசாக்கி நிஞ்ஜா 250. இரண்டாம் கையாக வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் நம் பிள்ளைகளெல்லாம் பழையதையே பழுதுபார்த்து ஓட்டினார்கள். இவனும் அப்படித்தான்.

"பைக்கிலேயே போவோம் மாமா" என்றான். "நீங்கள் வேண்டுமென்றால் பைக்கில் போங்கள், நான் ரெயிலில் வருகிறேன்" என்றேன். சிரித்துவிட்டு என்னோடு ரம்புக்கனைக்கு பஸ் ஏறினான்.

ரெயிலில் விரிந்த பட்டியல்

ரம்புக்கனை நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்டிக்குப் போகும் ரெயில் மலை ஏறத் தொடங்குவது அங்கிருந்துதான். 1867இல் இந்தப் பாதை கண்டி வரை திறக்கப்பட்டது. அதற்கும் முன்னரே கடுகண்ணாவையூடாகக் குதிரை வண்டிப் பாதையை வெட்டிவிட்டார்கள். அதை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அந்த ஏற்றத்தின் வளைவுகளில் லொறியும் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்தவர்களுக்கு, ராத்தா ஏன் ஒவ்வொரு மாலையும் வாசலில் நிற்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் மலைக்கு எதிர்ப்பக்கம், கொழும்பை நோக்கிப் போனோம். பொல்கஹவலை தாண்டியதும் மருமகன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். வாங்க வேண்டியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முதலாவது, சத்தமுள்ள புதிய சைலன்சர். இரண்டாவது, திறந்த காற்று வடிகட்டி. மூன்றாவது, காபுரேட்டருக்குப் பெரிய ஜெட். நான்காவது, பின்பக்கத்துக்குத் தங்க நிற ஷொக் அப்சோபர். கடைசியில், "காசு மிஞ்சினால் டயர்" என்றிருந்தது.

"இதில் எது உங்களைக் காப்பாற்றும், எது உங்களைக் காட்டும்?" என்று கேட்டேன். விடை சொல்லாமல் யன்னலால் வெளியே பார்த்தான்.

பஞ்சிகாவத்தை

மருதானையில் இறங்கினோம். 1892இல் தொடங்கிய ஸாஹிரா கல்லூரியும் அதையொட்டிய பள்ளிவாசலும் இந்தப் பகுதியில் என்பதால், மருதானை என்றதும் நம்மில் பலருக்கு அதுவே நினைவுக்கு வரும். மருமகனுக்கோ மருதானை என்றால் பஞ்சிகாவத்தை ஒன்றுதான். 1911இல் திறக்கப்பட்ட டவர் ஹோல் நாடக மண்டபமும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் சனங்கள் நாடகம் பார்க்க வந்த தெருவுக்கு இன்று உதிரிப்பாகம் தேடி வருகிறார்கள்.

இரு பக்கமும் கடைகள். கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிகள், சுவரோடு அடுக்கிய எஞ்சின்கள், முத்து மாலைபோல் கோத்த பல்சக்கரங்கள், பழைய எண்ணெயின் வாடை. ஒரு கடையில் சிங்களம், அடுத்ததில் தமிழ், அதற்கடுத்ததில் நம் ஊர்ப் பேச்சு. ஒரு பாகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் கையால் உருவத்தைக் காட்டினால் போதும். பையன் ஒருவன் ஓடிப்போய் எங்கிருந்தோ கொண்டு வந்துவிடுவான்.

ஒரு விஷயம் சொல்லி வைக்கிறேன். கழற்றிய பழைய பாகம் வாங்கும்போது பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்தப் பாகம் வேண்டாம். பொருள் யாருடையதென்று தெரியாமல் வாங்குவது மலிவல்ல.

ஒரு கடையில் அவன் தேடிய சைலன்சர் இருந்தது. புகழ்பெற்ற ஐரோப்பியக் கம்பனியொன்றின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. விலை 65,000 ரூபா. அசலா என்று கேட்டேன். கடைக்காரர் நேர்மையானவர். "அசல் இந்த விலைக்கு வருமா மௌலவி? இது கொப்பி" என்றார். மருமகனின் முகம் சற்று வாடியது. ஆனாலும் கை அதைத் தடவிக்கொண்டே இருந்தது. பொருத்துவதற்குப் பின்சந்தில் ஒரு பாஸ் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

பாஸ் கேட்ட மூன்று கேள்விகள்

அந்த பாஸ் ஒரு சிங்களப் பெரியவர். தமிழ் சரளமாகப் பேசினார். மருமகனின் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் படித்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

"மகன், உங்கட நிறை எவ்வளவு?"

"78 கிலோ."

"டயர்ல என்ன திகதி?"

அவனுக்குத் தெரியாது.

"முன் போர்க் ஒயில் கசியுதா?"

அதுவும் தெரியாது.

"அப்ப பைக்கப் பார்க்காம நான் என்ன சொல்றது?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். பைக் தொண்ணூறு கிலோமீற்றருக்கு அப்பால், ராத்தாவின் வீட்டு முன்விறாந்தையில் நின்றது. எனக்கு ஒரு யோசனை வந்தது. ராத்தாவைக் கைத்தொலைபேசியில் அழைத்து, பாஸின் கையில் கொடுத்தேன்.

சகோதரிகளே, இனி நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். இதை உங்கள் வீட்டு முற்றத்தில் நீங்களும் செய்யலாம்.

பாஸ் முதலில் டயரின் பக்கச் சுவரைப் பார்க்கச் சொன்னார். அங்கே ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். ராத்தா குனிந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்து, மீண்டும் குனிந்து வாசித்தார்: "மூண்டு, ஆறு, ஒண்டு, ஏழு."

2017ஆம் ஆண்டின் 36ஆவது வாரம். எட்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. தடம் தேயாமல் இருந்தாலும் இறப்பர் காலப்போக்கில் இறுகிவிடும். ஐந்து வருடம் கடந்த டயரை வருடா வருடம் காட்டிப் பார்க்க வேண்டும். பத்து வருடம் கடந்ததைப் பார்வைக்கு நல்லதென்றாலும் மாற்றிவிட வேண்டும். "மழை பெய்யிற மலைப் பாதைக்கு இந்த டயர் போதும் மகன்" என்றார் பாஸ். 'போதும்' என்று அவர் சொன்னது, ஓடியது போதும் என்ற அர்த்தத்தில்.

அடுத்து, முன்பக்கத்தின் இரண்டு பளபளப்பான குழாய்களை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொன்னார். அவைதான் முன் ஷொக். போர்க் என்பார்கள். சற்று நேரத்தில் ராத்தாவின் குரல் வந்தது. "ஒண்டு சுத்தம். மத்ததுல எண்ணெய் கறுப்பா வருது. கீழ பிரேக் தட்டுலயும் கொஞ்சம் பட்டிருக்கு."

பாஸ் தொலைபேசியை மருமகனிடம் நீட்டினார். "உங்கட உம்மா நல்ல பாஸ் ஒருத்தர்" என்றார்.

தேநீர்க் கடையில் சொன்னது

லுஹர் தொழுதுவிட்டு ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

இரண்டு மாதத்துக்கு முன், தூறல் நேரம், கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு வளைவு. முன்னால் லொறி. பிரேக் பிடித்தபோது முன்பக்கம் தாழ்ந்து, எழும்பி, மீண்டும் தாழ்ந்தது. முன் சில்லு வழுக்கியது. பைக் லொறியின் பின்சில்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "உம்மாக்குச் சொல்லல்ல மாமா. அதுக்குப் பிறகுதான் இந்தப் பட்டியல் எழுதினேன். நல்ல ஷொக் ஒண்டு போட்டா சரியாகும் எண்டு நினைச்சேன். சத்தம் கூடின சைலன்சர் போட்டா லொறிக்காரனுக்குக் கேட்கும் எண்டும் நினைச்சேன்."

என் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கோபிக்க வாய் திறந்தேன், ஆனால் வார்த்தை வரவில்லை. பிள்ளை பயந்துதான் இருந்திருக்கிறான். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல், கடையில் விற்கும் பொருளாக மாற்றி ஒரு தாளில் எழுதியிருக்கிறான்.

பிறகு பாஸிடம் திரும்பிப் போய் எல்லாவற்றையும் கேட்டோம். அவர் சொன்னதை எனக்கு விளங்கியவரை உங்களுக்குச் சொல்கிறேன்.

சைலன்சர் என்ன செய்யும்?

எஞ்சினிலிருந்து புகை ஒரே ஓட்டமாக வெளிவருவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்பு வெளியேறும்போது உண்டாகும் இழுவை அடுத்ததையும் இழுத்துச் செல்லும்படி, குழாயின் நீளத்தையும் அகலத்தையும் தயாரித்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை மாற்றினால் நிறை சில கிலோ குறையலாம், உச்ச வேகத்தில் சிறிது பலமும் கூடலாம். ஆனால் இந்த பைக்கின் முழுப் பலமும் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில்தான் வருகிறது. ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் போகும்போது எஞ்சின் அதில் பாதிக்கும் வராது. அந்தக் கீழ்ச் சுற்றில் இழுவை குறைந்து போவதும் உண்டு.

அதோடு முடிவதில்லை. புகை இலகுவாக வெளியேறி, காற்று வடிகட்டியும் திறந்திருந்தால் எஞ்சினுக்குள் காற்று கூடும். அதற்கேற்பப் பெற்றோல் கூடாவிட்டால் கலவை வரண்டு, எஞ்சின் சூடேறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளையாக இருக்கும். அதற்காகப் பெரிய ஜெட் போட்டு அளவு மிஞ்சினால் முனை கறுத்துக் கரி படியும். பெற்றோல் செலவு கூடும், வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் தவறலாம். சரியான கலவையில் முனை இளம் பழுப்பாக இருக்கும். ஆக, சைலன்சர் ஒன்றை மாற்றினால் அதன் பின்னால் இரண்டு மூன்று செலவுகள் வரிசையில் நிற்கின்றன.

லொறிக்காரருக்குக் கேட்கும் என்ற கதை? சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. முன்னால் போகிறவர் மூடிய கண்ணாடிக்குள் இருக்கிறார். சத்தம் முழுவதும் கடந்து வந்த வீடுகளுக்குத்தான் போகும். ஒலி 10 டெசிபல் கூடினால் மனிதக் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்குமாம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும், இரவெல்லாம் விழித்திருந்து விடியலில் கண்ணயர்ந்த நோயாளியும் அந்த வீடுகளில் இருக்கிறார்கள்.

ஷொக் என்பது அளவெடுத்துத் தைப்பது

தைக்கத் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டை எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும், ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாது. பைக்கின் ஸ்பிரிங்கும் அப்படித்தான். ஏதோ ஒரு நடுத்தர நிறைக்காகப் போட்டது. நிறை கூடியவர் ஏறினால் அது முக்கால்வாசி அமுங்கியே நிற்கும். பள்ளம் வரும்போது அமுங்க இடமிருக்காது. எனவே விலையும் நிறமும் இரண்டாவது. ஓட்டுபவரின் நிறைக்கேற்ற ஸ்பிரிங் என்பதே முதலாவது. சுவீடனின் ஓலின்ஸ், தாய்லாந்தின் வைஎஸ்எஸ் போன்ற நல்ல கம்பனிகளின் ஷொக்கையும் நிறையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

ஸ்பிரிங் அமுங்கினால் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது உள்ளேயிருக்கும் எண்ணெய். சிறிய துளைகள் வழியே அது மெல்லப் போய் வருவதால்தான் சில்லு பாதையை விட்டு எழும்பாமல் இருக்கிறது. ஊசி மருந்துக் குழாயில் தண்ணீரை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். பிறகு தேங்காய் எண்ணெயைத் தள்ளிப் பாருங்கள். கை வித்தியாசத்தைச் சொல்லும். மருமகனின் பைக்கில் ஒரு பக்க எண்ணெய் கசிந்து குறைந்திருந்தது. மிஞ்சியதும் பழையது. அன்று வளைவில் முன்பக்கம் தாழ்ந்து எழும்பியதற்கும், சில்லு வழுக்கியதற்கும் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அவன் வாங்க நினைத்ததோ பின்பக்கத்துக்கான தங்க நிற ஷொக்!

வாங்கியதும் வாங்காததும்

தாளைத் திருப்பி மறுபக்கத்தில் புதிதாக எழுதினோம். இரண்டு டயர். போர்க்குக்குப் புதிய சீலும் ஒயிலும். அவனது நிறைக்கேற்ற முன் ஸ்பிரிங். எண்ணெய் பட்ட பிரேக் பேட்டைக் கழுவிப் பாவிக்கக் கூடாது என்பதால் அதுவும் புதிது. ஏற்றத்தில் இழுவை வேண்டுமென்ற அவனது ஆசைக்கு பாஸ் ஒரு மலிவான வழி சொன்னார். செயினின் முன் பல்சக்கரத்தில் 14 பல்லுக்குப் பதிலாக 13 பல். இழுவை ஏழு, எட்டு வீதம் கூடும். பெற்றோல் சற்றுக் கூடும், உச்ச வேகம் சற்றுக் குறையும். "குறைந்தால் நல்லதுதான்" என்றேன்.

சைலன்சர் வாங்கவில்லை. 18,000 ரூபா மிஞ்சியது. இரு தோளிலும் டயரோடு மருதானை நிலையத்தில் நின்ற மௌலவியைப் பார்த்துச் சனங்கள் சிரித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ரெயில் ராகமை தாண்டியதும், "அந்த வளைவு விஷயத்த நீங்க உம்மாக்குச் சொல்வீங்களா மாமா?" என்று கேட்டான்.

"நான் சொல்ல மாட்டேன் மகன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

தையல் நாடா

ஊர் கராஜில் எல்லாவற்றையும் மாட்டி முடிக்க இரண்டு வாரம் சென்றது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ராத்தாவின் முற்றத்தில் கூடினோம். பின் ஷொக்கை அளந்து சரிசெய்ய வேண்டும் என்று பாஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு மூன்று பேரும் ஒரு தையல் நாடாவும் போதும்.

பைக்கைப் பக்கத் தாங்கியில் சாய்த்து, பின்சில்லு நிலத்திலிருந்து எழும்பும்படி நான் பிடித்துக்கொண்டேன். ராத்தா சில்லின் அச்சிலிருந்து இருக்கையின் கீழே ஒட்டிய காகிதத் துண்டு வரை நேராக அளந்தார். 582 மில்லிமீற்றர். பிறகு மருமகன் வழமையாக ஓட்டும் ஜக்கட்டோடும் ஹெல்மட்டோடும் ஏறி உட்கார, நான் முன்னால் கைபிடியைத் தாங்கிக்கொண்டேன். ராத்தா மீண்டும் அளந்தார். 534. வித்தியாசம் 48. இந்த பைக்கின் பின்சில்லு மொத்தமாக அசையக்கூடிய தூரம் சுமார் 130 மில்லிமீற்றர். அதில் கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அமுங்கினால் நல்லது. அதாவது 33 முதல் 43 வரை. பின் ஷொக்கின் கழுத்தில் ஐந்து படிகள் உண்டு. இரண்டில் இருந்ததை நான்குக்கு மாற்றி அளந்தபோது 38 வந்தது. இது ஸ்பிரிங்கை இறுக்கமாக்காது, பைக் நிற்கும் உயரத்தைத்தான் திருத்தும். தங்கையைப் பின்னால் ஏற்றும் நாளில் இன்னொரு படி கூட்ட வேண்டும்.

ராத்தா இலக்கத்தைத் தன் தையல் கொப்பியில், யாருடையதோ சட்டை அளவுக்குக் கீழே எழுதினார். அப்போது, ஹெல்மட்டைக் கழற்றாமலே, மருமகன் அந்த வளைவின் கதையைச் சொன்னான். லொறி, தூறல், ஒரு முழத் தூரம், எல்லாவற்றையும்.

ராத்தா அழவுமில்லை, ஏசவுமில்லை. நாடாவைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஹெல்மட்டக் கழட்டுங்க மகன், முகத்தப் பார்க்கணும்" என்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இனி மாசத்துக்கு ஒருக்கா வெள்ளத் துணியால நான்தான் துடைச்சுப் பார்ப்பன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மிஞ்சிய 18,000 ரூபாவுக்கு அவனுக்கு ஒரு மழை அங்கியும் நல்ல கையுறையும் வாங்கிக் கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன்.

சகோதரிகளே, பைக்குக்கென்று உங்கள் பிள்ளையோ தம்பியோ காசு கேட்டால், "எனக்கு ஒன்றும் விளங்காது" என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கும் கைக்குக் கேட்கும் உரிமை உண்டு. டயரின் திகதி என்ன? போர்க்கில் எண்ணெய் கசிகிறதா? பிரேக் பேட் எவ்வளவு மிச்சம்? ஸ்பிரிங் உன் நிறைக்கு ஏற்றதா? இந்த நான்கையும் கேளுங்கள். நான்குக்கும் நல்ல விடை வந்த பிறகு சைலன்சர் பற்றிப் பேசலாம். அநேகமாக அதற்குள் அந்த ஆசை ஆறியிருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். "எங்கேயாவது பயந்தாயா?" என்று கேளுங்கள். அதை எந்தக் கடையிலும் கேட்க மாட்டார்கள்.